வருதுன்னா போகுது

என் மனைவி கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பியதால்தான், கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் தொலைந்த விண்கலம் கிடைத்தது. இதைக் கேட்டு ஊரே சிரிக்கும். சிரிக்காதவர் அவளுடைய அண்ணன், என் மச்சான் மட்டும்தான். அன்று கட்டுப்பாட்டு அறையில் ரிசீவர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் அவர்.

நாங்களே கட்டிய முதல் பெரிய டிஷ் அது. கவிழ்த்தால் எங்கள் தெரு முழுக்க மழைக்கு ஒதுங்கலாம். நிலாவில் கொசு தும்மினாலும் அதற்குக் கேட்கும் என்று நான் பீற்றிக்கொண்டிருந்த வேளையில், விண்கலத்தின் குரலே கேட்கவில்லை. அது அடிவானத்தில் இறங்குவதற்குள் பிடித்து, திரும்பச் சொல்லிக் கட்டளை அனுப்பியாக வேண்டும். தவறினால் எங்கள் அத்தனை பேர் உழைப்பும் சூரியனைச் சுற்றும் குப்பை.

ரயில் நெருங்கும்போது ஊதல் கீச்சிடும், விலகும்போது கம்மும். விண்கலத்தின் குரலும் அப்படித்தான்: வந்தால் அதிர்வெண் ஏறும், போனால் இறங்கும். முந்தைய ஷிப்டு அக்காவுக்கோ ‘போகுது’ என்ற சொல்லே வாயில் வராது. எங்களை விட்டு விலகி ஓடிக்கொண்டிருந்த கலத்தை, “வண்டி நல்லா வருது” என்று ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மச்சானும் அதை நம்பி, அதிர்வெண்ணை ஏற்றி ஏற்றித் தேடிக்கொண்டிருந்தார்.

அப்போது தொலைபேசி அலறியது. சினிமாவுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லி நான் மறந்துபோன மனைவி.

“எங்கம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டேன். வரேன்.” டொக்கென்று வைத்துவிட்டாள்.

போகிறவள் ஏன் வரேன் என்கிறாள்? பொறி தட்டியது. மச்சானை அவர் உட்கார்ந்திருந்த சுழல் நாற்காலியோடு ஒரே தள்ளு. அறையின் அந்தக் கோடிக்கே போய்விட்டார். அதிர்வெண்ணை இறக்கினேன். திரையில் ஊசி மாதிரி ஒரு கோடு எழுந்து நின்றது. கட்டளை போனது, கலம் திரும்பியது. நான் போட்ட சத்தம் டிஷ் இல்லாமலே அதற்குக் கேட்டிருக்கும்.

மச்சான் மட்டும், என் முழங்கை ரிசீவர் குமிழில் தவறிப் பட்டிருக்கும் என்று ஓய்வு பெற்ற பிறகும் சாதித்துவந்தார்.

போன வாரம் வீட்டுக்கு வந்தவர் கிளம்பும்போது, “போறேன்மா” என்றார்.

என் மனைவிக்குச் சுருக்கென்றது. “நானும் ரொம்ப வருஷமா பார்க்கறேன். நீ மட்டும் ஏண்ணா வரேன்னே சொல்ல மாட்டேங்கறே?”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “அந்த வார்த்தைய நம்பி ஒரு வண்டியவே தொலைக்க இருந்தேன்மா. மாப்ள சொல்றது நிஜம்தான்.”