பல் போன ஆட்டின் தாடை

அகழாய்வில் தோண்டியெடுத்த எலும்புகளைக் கழுவிப் பிரிக்கும் கூடத்தில் யாரை வேலையைவிட்டு நீக்குவதென்றாலும் துறைத்தலைவர் அக்காவைத்தான் அனுப்புவார். அவள் போய்த் தோளில் கை போட்டு, "ஒண்ணுமில்ல, சார் சும்மா கூப்பிடுறார், வா" என்பாள். ஆளும் சிரித்துக்கொண்டே பின்னால் போகும். திரும்பி வந்து சாப்பாட்டு டப்பாவை எடுக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க முடியாது. வெட்கங்கெட்ட பிழைப்புதான். ஆனால் எத்தனை பேர் போனாலும் அக்கா மட்டும் அசையவில்லை. தங்கைக்கும் அங்கேயே வேலை வாங்கிக் கொடுத்தாள். புருஷன் கைவிட்டுப் போன தங்கை வீட்டில் அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

தங்கையின் மேசைக்கு ஒரு குழி நிறைய ஆட்டெலும்பு வந்தது. பல ஆயிரம் வருடப் பழசு. எல்லாம் இளசிலேயே வெட்டப்பட்டவை, ஒன்றைத் தவிர. அந்தக் கிழட்டு ஆட்டின் தாடையில் ஒரு பல்கூட இல்லை. பல் இருந்த குழிகளை எலும்பு வளர்ந்து மூடியிருந்தது. பல் போன பிறகும் யாரோ நெடுநாள் தீனியை இடித்து ஊட்டியிருக்கிறார்கள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அந்தத் தாடையிலும் கத்தி கீறிய தடம் இருந்தது.

தலைவரின் அறைக்கு அதை எடுத்துப் போனாள்.

"பாசமா வளர்த்திருக்காங்க சார். அப்புறம் எதுக்கு வெட்டினாங்க?"

அவர் சிரித்தார். "பாசமாவது மண்ணாவது! வெட்டுற இடத்துக்கு மந்தை சும்மா வருமா? இது முன்னால நடக்கும், மத்ததெல்லாம் நம்பிப் பின்னால வரும். அதுக்குத்தான் தீனி."

"அப்போ இந்த வெட்டு?"

"மந்தைக்குச் சந்தேகம் வந்திருக்கும். வேற ஒண்ணைப் பழக்கியிருப்பாங்க." தாடையை மேசைமேல் வைத்தார். "சரி, இந்த மாசம் ஓர் ஆளைக் குறைக்கணும். நீ, இல்ல உங்க அக்கா. அவளைத் தூரத்துல பார்த்தாலே இப்பல்லாம் ஆளுங்க ஓடி ஒளியுறாங்க. உன் முகத்தை நம்புவாங்க. போய் அவளைக் கூட்டிட்டு வா."

தங்கை முடியாது என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் கூடத்துக்கு நடந்தாள்.

கழுவும் தொட்டியருகே அக்கா முழங்கைவரை சேறோடு நின்றிருந்தாள். தங்கை போய் அவள் தோளில் கை போட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா, சார் சும்மா கூப்பிடுறார், வா."

அக்கா தோள்மேல் இருந்த கையைப் பார்த்தாள். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்தாள். குழாயைத் திறந்து, அவசரப்படாமல் சேற்றைக் கழுவினாள்.

"சிரிச்சுக்கிட்டே சொல்லணும்டி," என்றாள். "அப்பதான் நம்புவாங்க."

பிறகு தங்கையின் பின்னால் நடந்தாள்.