கேமராவுக்குத் தெரியாத படிக்கட்டு

காத்திருப்பு அறையின் சுவரில் மாட்டியிருந்த படம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மலையும் ஏரியுமாக ஏதோ ஒரு படம். அதை முதலில் கவனித்தது நான்தான். ஆனால் எழுந்துபோய் நேராக்கியவர் எதிரில் கழுத்தில் டை கட்டி உட்கார்ந்திருந்தவர். இரண்டடி பின்னால் வந்து சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு மேல்மூலையில் இருந்த கேமராவையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு மார்க் போயிற்று.

இப்படியெல்லாம் யோசிக்க என்னைப் பழக்கியவன் என் தம்பி. அவன் எந்த இன்டர்வியூவிலும் தேறியதில்லை, அதனால் அனுபவம் அதிகம். "அக்கா, இன்டர்வியூ உள்ள போனப்புறம் ஆரம்பிக்கிறது இல்ல. கேட்லயே ஆரம்பிச்சிடும். வாட்ச்மேன்கிட்ட எப்படிப் பேசற, கீழ கெடக்கிற பேப்பரை எடுக்கிறியா, எல்லாத்தையும் பாத்துட்டே இருப்பாங்க" என்பான். முதலில் சிரித்தேன். போன தடவை வேலை கிடைக்காமல் போனதும், அந்த ஆபீஸ் வராந்தாவில் கசங்கிக் கிடந்த காகிதம் ஒன்று நினைவுக்கு வந்து இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

மருந்துக் கிடங்கில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தவள் நான். எந்தப் பெட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கம்பெனியை இழுத்து மூடிய பிறகு ஏறி இறங்கிய ஆபீஸ்களில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. ஒரு இடத்தில், நான் மிருகமாக இருந்தால் என்ன மிருகமாக இருப்பேன் என்று கேட்டார்கள். எருமை என்றேன். அம்மா திட்டித் திட்டிப் பழக்கிய பெயர், சட்டென்று வாயில் வந்துவிட்டது. ஏன் சிங்கம் இல்லை என்றார்கள். சிங்கத்தை வைத்துக்கொண்டு கிடங்கில் என்ன செய்வது? இன்னொரு இடத்தில், இந்த அறையில் எத்தனை பந்து கொள்ளும் என்றார்கள். "கதவு திறக்கணும், ஆள் நடக்க வழி விடணும், அதுபோக மிச்சம்தான் சார் கணக்கு" என்றேன். கேட்டவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் பையை எடுத்துக்கொண்டேன்.

இந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும். வீட்டுக்காரர் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு லாரி ஓட்டுகிறார். இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நடப்பார். வண்டியை விட்டுவிடச் சொல்லி டாக்டர் கோபித்தே விட்டார். எனக்கு வேலை கிடைத்த மறுநாள் லாரிச் சாவியை முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது என்று எங்களுக்குள் பேச்சு. நேற்றுச் சாப்பிடும்போது, "கெடைச்சா பாப்போம்" என்று மட்டும் சொன்னார். அதில் இருந்த ஆசை எனக்குத் தாங்கவில்லை.

காலையில் கம்ப்யூட்டரில் ஒரு டெஸ்ட். வாக்கியம் வரும், 'முழுக்க ஒப்புக்கொள்கிறேன்' முதல் 'கொஞ்சமும் இல்லை' வரை ஐந்து வட்டங்களில் ஒன்றை அமுக்கவேண்டும். 'நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை.' ஒப்புக்கொண்டால் அதுவே பொய், இல்லை என்றால் பொய்க்காரி. 'பிறர் அழும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும்.' நடு வட்டத்தை அமுக்கினேன். கொஞ்சம் தள்ளி அதே கேள்வி வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது. 'பிறர் அழுதாலும் நான் நிதானம் இழப்பதில்லை.' இதை எழுதியவர் யாராக இருக்கும், அவர் வீட்டில் யாராவது அழுதால் என்ன செய்வார் என்றெல்லாம் யோசித்ததில் நேரம் முடிந்துவிட்டது.

இப்போது உள்ளே கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிறோம். தண்ணீர் கேனில் தண்ணீர் தீர்ந்ததும் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் பாய்ந்துபோய்ப் புது கேனைத் தூக்கி மாட்டினார். நான் பிளாஸ்டிக் செடியின் இலையில் படிந்திருந்த தூசியைத் துடைத்தேன். என்னை நினைத்தால் எனக்கே சிரிப்பாக வந்தது.

அப்போதுதான் உள்ளே போயிருந்த பெண் வெளியே வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். அடுத்து இன்னொரு அதிகாரியும் பார்ப்பார், உட்காருங்கள் என்று ரிசப்ஷன்காரி சொல்ல, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் கேமராவைப் பார்த்தோம்.

டைக்காரர்தான் முந்திக்கொண்டார். கோப்பையில் தண்ணீர் பிடித்து, கேமராவுக்கு முதுகு காட்டாமல் ஒரு பக்கமாக நின்று நீட்டினார். பெண் வாங்கவில்லை. பெரியவர் டிஷ்யூ எடுத்துக்கொண்டு வந்தார். கம்பெனி ஆளையே அழுவதுபோல் நடிக்கவிட்டுச் சோதிப்பார்கள் என்று தம்பி சொன்னதில்லை, ஆனாலும் செய்யக்கூடியவர்கள்தான். நான் அவளை ஓரக்கண்ணால் பார்த்தேன். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அதைப் புறங்கையால் துடைத்து, அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலிக்கு அடியில் கொண்டுபோனாள். நடிப்பவளுக்குக் கண்ணில் தண்ணீர் வரலாம், இது வராது.

எழுந்திருக்கவேண்டும் என்று இருந்தது. எழுந்தால் மார்க் கிடைக்கும் என்பதும் கூடவே தோன்றியது. அதுதான் என்னை உட்காரவைத்தது. பக்கத்தில் ஒரு பெண் தேம்பும்போது நான் உட்கார்ந்து எனக்கு வரும் மார்க்கைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவமானமாக இருந்தது. கேமரா எங்கே பார்க்கவில்லை என்று அப்போதுதான் முதல்முறையாகத் தேடினேன். லிஃப்டுக்குப் பக்கத்தில், படிக்கட்டுக்குப் போகும் கனமான கதவு. அதற்கு அந்தப் பக்கம் போனால், கூப்பிடுவது காதில் விழாது. அடுத்தது என் நம்பர்.

"வாம்மா" என்று அவள் முழங்கையைப் பிடித்தேன்.

படிக்கட்டில் பெயின்ட் வாடையும் ஒரு பழைய துடைப்பமும் இருந்தன. இரண்டு பேரும் ஒரே படியில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அவள் அழுகையை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க கம்பெனி ஆளா?"

"எனக்கும் உன்மேல அதே சந்தேகம் இருந்துச்சு."

சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "வாழ்க்கையில பெரிய தோல்வி எதுன்னு கேட்டாருக்கா. எங்கம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப லீவு கேக்க பயந்துக்கிட்டு வேலைக்குப் போயிட்டேன். சாயந்தரம் வந்தா அம்மா இல்ல. அதைச் சொல்லிட்டேன். எங்க அண்ணனுக்குக்கூட நான் சொன்னதில்ல. போயும் போயும் அந்த ஆள்கிட்ட சொல்லிட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஆபீஸ் சம்பந்தமா வேற உதாரணம் ஏதாவது இருக்கான்னு கேட்டார்."

அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்து டைக்காரரின் தலை தெரிந்தது. "மேடம், உங்க நம்பரை ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு. இதான் கடைசி. சீக்கிரம் போங்க" என்றார். அங்கே கேமரா எதுவும் இல்லை. அவரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாரா தெரியாது, ஆனால் சொன்னார். இவ்வளவு நேரம் அவரைப் பற்றி நினைத்ததற்கு எனக்குக் கூச்சமாகிவிட்டது.

அந்தப் பெண் அந்த இன்னொரு அதிகாரியைப் பார்க்கப் போவதில்லை என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

உள்ளே இருந்தவர் நான் நினைத்ததுபோல் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் களைத்திருந்தன. கேள்விகளைத் திரையைப் பார்த்து வாசித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க, எல்லார்கிட்டயும் இதையேதான் கேக்கணும்னு கொடுத்திருக்காங்க" என்று அவரே சொன்னார். கிடங்கைப் பற்றிக் கேட்டார்! நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நடுவில் ஒருமுறை, "அப்படியா?" என்று நிமிர்ந்தார். வீட்டுக்காரர் சாவியைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் கண்முன் வந்துவிட்டது.

"கடைசிக் கேள்வி" என்றார். "யாருமே பாக்காதப்ப நீங்க ஒருத்தருக்கு ஆறுதலா இருந்த ஒரு சம்பவம் சொல்லுங்க. சமீபத்துல நடந்ததா இருந்தா நல்லது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதில் நாக்கு நுனியில் இருந்தது. பெயின்ட் வாடைகூட இன்னும் மூக்கில் இருந்தது. சொன்னால் இந்த வேலை எனக்குத்தான் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. விரல்களைத் தட்டச்சுப் பலகைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்குப் பின்னால் கண்ணாடி ஜன்னல். இவ்வளவு நேரம் எங்கே உட்கார்ந்திருந்தாளோ, கீழே தெருவைக் கடக்க அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். ஒரு லாரி போகட்டும் என்று ஒதுங்கி நின்றாள்.

"அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் அவர்.

என் சட்டைத் தோளில், அவள் முகம் இருந்த இடத்தில், ஈரம் இன்னும் காயவில்லை. மடியில் இருந்த கைப்பையை எடுத்து மெதுவாக அந்தத் தோளில் மாட்டி, ஈரம் தெரியாதபடி முன்னால் இழுத்துக்கொண்டேன்.