பக்கிரிசாமி வாசலில் ஜீப்

வீரையனின் ஜீப் தெருவுக்குள் நுழைகிறதென்றால், கொடியில் துணி காயப்போட்டவர்கள் ஓடிவந்து எடுத்துவிடுவார்கள். அவ்வளவு புகை. எந்தக் காலத்திலோ ஏலத்தில் எடுத்த வண்டி. வீரையனுக்கு அது உயிர். அவர் மனைவி ராஜாத்திக்கு அது சக்களத்தி.

அந்த வண்டியில்தான் மன்னார்குடியிலிருந்து ஃபஹத் என்கிற எலெக்ட்ரீஷியனை வரவழைத்து இன்வெர்ட்டர் மாட்டினார் மனுஷன். காரணமில்லாமல் இல்லை. குறுவை அறுத்ததும் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, எடை போடும்வரை பக்கத்திலேயே காவல் கிடக்க வேண்டும். அங்கே இருக்கிற கொசு ஆளையே தூக்கிக்கொண்டு போய்விடும். வண்டிக்குள் ஒரு ஃபேனும் லைட்டும் ஓடினால் ராஜா மாதிரி படுத்துக்கிடக்கலாம் என்பது திட்டம்.

ஃபஹத் முன்சீட்டுக்குப் பின்னால் பெட்டியை முடுக்கி, பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் இழுத்து, நடுவில் ஃபியூஸ் வைத்தான்.

"ஒரு ஃபேனுக்கு இவ்ளோ பெரிய பெட்டி எதுக்குண்ணே?"

"சின்னதா வாங்குனா நாலு பேரு என்ன நெனப்பாங்க?"

"சரிதான். ஆனா பேட்டரி கெழடு. இஞ்சினை ஓடவிட்டுத்தான் இதைப் போடணும். லோடு இழுக்கறப்ப கொஞ்சம் ஆக்சிலேட்டர் குடுங்க. இல்லன்னா பெட்டி கத்தும். ஆஃப் பண்ணிட்டீங்கன்னா அப்புறம் தள்ளுறதுக்கு ஆள் தேடணும்."

"கொசு கடிக்காம இருக்க ஒரு கேன் டீசலா! நல்ல கணக்கு" என்று ராஜாத்தி உள்ளே போய்விட்டாள்.

எதிர்வீட்டுப் பக்கிரிசாமி சும்மா இருப்பாரா? பல வருஷத்துக்கு முன் இந்த ஜீப் ரிவர்ஸில் போய் அவருடைய நாற்றங்காலில் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பேச்சில்லை என்றால் வாயை மூடிக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை. பக்கிரிசாமி தன் பசுமாட்டிடம் பேசுவார், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

"பாத்தியா லெட்சுமி! வண்டியே ஊர்க்காரங்க தள்ளித்தான் ஓடுது. அதுலேருந்து கரண்ட் எடுக்கப் போறாங்களாம்."

வீரையனிடம் மாடு இல்லை. அவர் ஜீப்பின் பானட்டில் ஒரு தட்டுத் தட்டி, "கண்டவன் பேச்சையும் காதுல வாங்காதடா" என்றார்.

அடுத்த வாரம் ஒரு விடியற்காலையில் பக்கிரிசாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஒரே மகன் இளம்பரிதி சிங்கப்பூரில் இருந்தான். சேதி கேட்டதும் கிளம்பிவிட்டான். வீடு வந்துசேரப் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை தாங்குவதற்கு ஐஸ் பெட்டி வந்து, பக்கிரிசாமியை அதில் படுக்கவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. வயலில் கம்பம் சாய்ந்துவிட்டது, சரிசெய்ய இருட்டிவிடும் என்று லைன்மேன் கையை விரித்தார். வாடகை ஜெனரேட்டர்காரரோ அதைக் கழற்றி நட்டு நட்டாகப் பரப்பி வைத்திருந்தார். புரட்டாசி வெயில் மண்டையைப் பிளந்தது.

"உச்சிக்குள்ள எடுத்துடுவோம். வேற வழியில்ல" என்றார்கள் பெரியவர்கள்.

பக்கிரிசாமியின் மனைவி கமலாம்பாள் பெட்டிக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டாள். "எம்புள்ள மொகம் பாக்காம எடுக்காதீங்கய்யா!"

அது தெருவைத் தாண்டி வீரையனுக்குக் கேட்டது. காலையிலிருந்து அவர் தோளில் துண்டைப் போடுவதும் எடுப்பதுமாக நின்றுகொண்டிருந்தார். போகலாமா, போனால் என்ன சொல்வார்கள் என்று ஒரே குழப்பம். இப்போது எதையும் யோசிக்கவில்லை. "டேய், வந்து தள்ளுங்கடா!" என்று கத்தினார்.

ஜீப் பக்கிரிசாமி வாசலில் போய் நின்றது. ஜன்னல் வழியாக ஒயர் உள்ளே போனது. ஐஸ் பெட்டி உறுமி உயிர்பெற்றதும் கமலாம்பாள் கையெடுத்துக் கும்பிட்டாள். ஆனால் குளிர் மெஷின் நின்று நின்று ஓடுகிற சாதி. அது கிளம்பும்போதெல்லாம் ஆக்சிலேட்டர் கொடுக்காவிட்டால் இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தியது. மிதிமேல் செங்கல்லை வைத்துப் பார்த்தார்கள். வண்டி போட்ட கூச்சலில் ஒப்பாரி வைத்தவர்களே காதைப் பொத்திக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் வீரையனே காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வம்பு அதற்குப் பிறகுதான். துக்கத்துக்கு வருகிற ஆண்கள் வாசலில் இருக்கும் சொந்தக்காரரிடம் இரண்டு கையையும் நீட்ட வேண்டும். அவர் தொட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மகனோ இன்னும் வரவில்லை. வெளியூர்க்காரர்கள் கண்ணில் முதலில் பட்டது, வாசலுக்கு நேராகப் புகையில் கண் சிவந்து உட்கார்ந்திருந்த வீரையன். சரி, கூடப்பிறந்தவர் போலிருக்கிறது என்று ஒவ்வொருவராக ஜீப்புக்குள் கையை நீட்டினார்கள்.

"நான் எதிர்வீடுங்க" என்று வீரையன் எவ்வளவோ சொன்னார். இஞ்சின் சத்தத்தில் யார் காதில் விழும்? நீட்டிய கையைத் தட்டிவிட முடியுமா? தொட்டார். பகையாளியின் சாவுக்குத் துக்கம் வாங்குகிற கொடுமை யாருக்கும் வரக்கூடாது என்று மனசுக்குள் பொருமினார்.

அதிராம்பட்டினத்து நெல் வியாபாரி ஜெக்கரியா வந்தார். கையை நீட்டியவர் வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு காதருகில் குனிந்து கத்தினார்:

"நீங்கதானா அந்த ஜீப்பு?"

வீரையன் தலையாட்டினார்.

"உங்க கதையச் சொல்லிச் சொல்லி எங்க கடையையே சிரிக்க வச்சிருவாரு! ஒரு நாளு நீங்க வெளியூர் போயிட்டாக்கூட, வண்டிச் சத்தம் கேக்காம சோறு எறங்கலய்யாம்பாரு!"

வீரையன் ஜன்னல் வழியாக ஐஸ் பெட்டியைப் பார்த்தார். படுபாவி, இதை மாட்டிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? அடுத்து நீண்ட கைகளை அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அழுகை பீறிட்டது. இஞ்சின் சத்தம்தான் இருக்கிறதே என்று அடக்காமல் வாய்விட்டே அழுதார். டீசல் ஊற்ற வந்த ராஜாத்தி முகத்தைப் பார்த்துவிட்டு, "கண்ணு எரியுதா?" என்று கேட்டாள்.

"பொகை" என்றார்.

பொழுது சாய இளம்பரிதி வந்தான். காரிலிருந்து குதித்து உள்ளே ஓடினான். பெட்டியைத் திறந்தார்கள். தூங்குகிற மாதிரி, முகம் கொஞ்சமும் மாறாமல் அப்பா படுத்திருந்தார். அவன் கன்னத்தோடு கன்னம் வைத்து அழுது தீர்க்கும்வரை யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு கமலாம்பாள் ஜன்னல் வழியாக, போதும் நிறுத்துங்க என்று கையைக் காட்டினாள்.

வீரையன் இஞ்சினை நிறுத்தினார். பகல் முழுக்க இரைந்துகொண்டிருந்த தெரு சட்டென்று அமைதியானது. அந்த அமைதியில் ஒரே ஒரு சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது. வீரையன் குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தார். நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. தெருவே திரும்பிப் பார்த்தது.

இளம்பரிதி எழுந்து வெளியே வந்தான். ஜீப்பின் அருகில் நின்று, துக்கத்துக்கு வந்தவனைப் போல, அவரிடம் இரண்டு கையையும் நீட்டினான்.