செங்கம்மாளுக்கு விழுந்த ஞாயிறு

கேலப் அமெரிக்காக்காரன். சம்பளம் கொடுப்பது ஜெர்மன் கம்பெனி. வேலை பார்ப்பதோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டில். இருபத்தாறு வயதில் ஒருவன் மூன்று நாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தால் மெலிந்து துரும்பாகியிருக்க வேண்டும். இவனுக்கோ பத்து மாதத்தில் பேண்ட் எல்லாம் இடுப்பில் இறுகிவிட்டது.

காலையில் பஜார் மெஸ்ஸில் இட்லி, வடகறி. எட்டு மணிக்கு, பாட்டில் மூடி வார்க்கும் ஜெர்மன் மிஷின்களின் முன்னால் நிற்பான். மிஷின் மக்கர் செய்தால் அவன்தான் டாக்டர். அந்த லைனில் வேலை செய்யும் பன்னிரண்டு பேரும் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரே குப்பத்துக்காரர்கள். அவன் தமிழ் கற்றது அவர்கள் வாயிலிருந்துதான். சென்னை ஆபீசுக்குப் போய் "இன்னா சார், நாஷ்டா ஆச்சா?" என்று கேட்பான், அங்கே ஏசி அறையே சிரிப்பில் குலுங்கும். பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்குப் படிப்பும் உண்டு.

வாரம் முழுவதும் அவன் காத்திருப்பது ஞாயிற்றுக்கிழமைக்கு. ஒரு ஞாயிறு லைனில் வேலை பார்க்கும் மதிவாணன் வீட்டுக்குக் கூப்பிடுவான், அடுத்த ஞாயிறு ராஜவேலு, அதற்கடுத்தது வேறொருவர். குப்பத்தில் போய் இறங்கினால் நண்டு, இறால், மடவை மீன் குழம்பு. போதும் என்று கையை இலைக்குக் குறுக்கே வைத்தால் அந்தக் கையின் மேலேயே சோறு விழும். சாப்பிட்டுவிட்டுப் பாயில் தூக்கம். இந்த ஜனங்களுக்கு என்னை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று அவன் நம்பினான். அந்த நம்பிக்கை தந்த தெம்பில்தான் மற்ற ஆறு நாள் வெயிலையும் லாரிப் புழுதியையும் தாங்கினான்.

ஒரு வருட ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கையில் ஜெர்மனியிலிருந்து கடிதம் வந்தது. இன்னும் இரண்டு வருடம் இருக்க முடியுமா, திங்கட்கிழமைக்குள் சொல். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, சரி என்று எழுதிவிடலாம் என்றிருந்தான்.

வெள்ளிக்கிழமை ராஜவேலு தன் லாக்கரைத் திறந்தபோது கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேலே 'கேலப் சார்'. கீழே பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு ஞாயிறு.

"இது இன்னா?"

"பாடு சார். யார் ஊட்டுக்கு நீ எப்ப வரணும்னு முறை. சீட்டு குலுக்கி எடுத்தது. இந்த வாரம் நம்ம மதிவாணன் அம்மா, செங்கம்மா ஊடு" என்று ராஜவேலு சாதாரணமாகச் சொல்லிவிட்டு மிஷினுக்குப் போய்விட்டார்.

கேலப்புக்கு முகம் விழுந்துவிட்டது. அவனுடைய ஒஹையோ ஊரிலும் இப்படி ஒரு தாள் உண்டு. மனைவியை இழந்து தனியாகக் கிடந்த ஒரு பெரியவருக்கு யார் எந்த வாரம் சாப்பாடு கொண்டுபோவது என்று சர்ச்சில் பட்டியல் ஒட்டுவார்கள். "ஐயோ, இந்த வாரம் நம்ம முறையா?" என்று அவன் அம்மாவே அலுத்துக்கொண்டதை அவன் கேட்டிருக்கிறான். அப்படியானால் இங்கே அந்தப் பெரியவர் நான்தானா? பத்து மாதமாக இவர்கள் தலையில் விழுந்த சுமையாக இருந்துகொண்டு, வெட்கமில்லாமல் இரண்டாம் முறை குழம்பு கேட்டேனா? அவமானத்தில் காது சுட்டது.

சனிக்கிழமை மதிவாணனுக்குச் செய்தி அனுப்பினான்: நாளைக்கு வேலை இருக்கிறது, வர முடியாது. ஜெர்மனிக்கு 'ஒரு வருடம் போதும்' என்று எழுதினான். ஏனோ அனுப்பாமல் வைத்திருந்தான்.

ஞாயிறு மதியம் அறையில் ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்தபோது கதவு இடிபட்டது. திறந்தால் செங்கம்மாள், மூச்சு வாங்க நிற்கிறாள். பொன்னேரியில் பஸ் மாறி வந்திருக்கிறாள். வெள்ளைக்காரத் தம்பி அறை எது என்று கேட்டதுமே கீழே கறிக்கடைக்காரர் கை காட்டியிருக்கிறார்.

"வேலைன்னு சொல்லிட்டு ரொட்டி துன்னுகினு கீறியா? நண்டு வாங்கி வச்சிகினு நான் ஊட்ல பேஜாரா குந்தினு கீறேன்!"

"உங்களுக்குக் கஷ்டம் வேணாம்மா" என்றான் கேலப். "சீட்டு பார்த்தேன். உங்க முறை வந்தா நீங்க செய்யணும். பாவம்னு செய்றீங்க."

செங்கம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருடா உனக்குச் சொன்னது? ஏரில நல்லா எறா விழுற எடம் கொஞ்சந்தான். எல்லாருக்கும் அது வோணும், அடிச்சிக்குவாங்க. அதுக்குத்தான் சீட்டு போட்டு பாடு வெக்கிறது. ஒண்ணும் விழாத சேத்துக்கு எவனாவது சீட்டு போடுவானா?"

செங்கம்மாள் அதோடு விடவில்லை.

"நீ வந்த மொத மாசம் உன்ன யார் இட்டுகினு போறதுன்னு ஞானம்மாளுக்கும் அஞ்சம்மாளுக்கும் சண்டை. இன்னிக்கு வரைக்கும் பேசறதில்ல. அதான் குப்பத்துல சீட்டு போட்டாங்க. போன தபா என் பாடு அன்னிக்கு மழை, ரோடெல்லாம் தண்ணி, நீ வரல. தவறுனா தவறுனதுதான், மறுபடி தர மாட்டாங்க. ஆறு மாசமாச்சு நீ என் கையால சாப்ட்டு. ரெண்டு மாசத்துல கெளம்பறியாமே. இதான் எனக்குக் கடைசிப் பாடு. அதையும் கெடுக்கப் பாத்தியே!"

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. அவனுக்கு நெஞ்சு நிறைந்து, சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ரொட்டியைத் தட்டிலேயே போட்டுவிட்டுச் செருப்பை மாட்டினான்.

பொன்னேரி பஸ்ஸில் அவள் முகம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நின்றபடியே கேலப் ஜெர்மனிக்குப் போனில் எழுதி வைத்திருந்ததை அழித்தான், புதிதாக ஒரு வரி எழுதி அனுப்பினான்.

"அம்மா, நான் போகல. இன்னும் ரெண்டு வருஷம் இங்கதான்."

செங்கம்மாள் விரலை மடக்கி மடக்கி என்னவோ எண்ணினாள். எண்ணி முடித்துத்தான் அவன் பக்கம் திரும்பினாள். முகம் மலர்ந்திருந்தது.

"அப்போ எனக்கு இன்னும் எட்டுப் பாடு கீது" என்றாள்.