நான்காவது பிளக்

தெருவுக்கே அவள் மெக்கானிக்கம்மா. அவள் கணவர் தையல்காரர்; சிலர் மெக்கானிக்கம்மா வீட்டுக்காரர் என்றும் சொல்வார்கள், அதில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. துணி கிழிந்தால் அவர், வண்டி நின்றால் அவள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அதுதான் ஏற்பாடு.

அப்படியிருக்க, பட்டறையில் எண்ணெய் சிந்திய இடத்தில் வழுக்கி, அவள் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்து உட்கார்ந்தாள். அவளுடைய பழைய காரும் சமயம் பார்த்து இருமித் திணற ஆரம்பித்தது. மகள் கைக்குழந்தையோடு சாயங்கால ரயிலில் வருகிறாள். பேத்தியை இருவரும் இன்னும் நேரில் பார்த்ததில்லை.

"வாடகை வண்டி பிடிச்சுக்கலாமே" என்றார் அவர்.

அவள் காரின் பின்சீட்டைப் பார்த்தாள். கை முறிவதற்கு முன்பே குழந்தைக்கான இருக்கையை அதில் பொருத்தி, ஆட்டி ஆட்டிப் பார்த்து வைத்திருந்தாள்.

"ஸ்பார்க் பிளக்தான் போயிருக்கு. புதுசு வாங்கி வச்சிருக்கேன். கைதான் இல்லை."

"என் கை இருக்கே. நீ சொல்லு, நான் மாத்தறேன்."

"பானட்டைத் திறக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. அதையும் சொல்லு."

அவள் சிரித்தே விட்டாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். மூன்று பிளக்குகள் முரண்டு பிடித்தாலும் கழன்று வந்தன. நான்காவது அசையவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரில் சாய்ந்தார். கிறீச் என்று ஒரு சத்தம்.

"கையை எடுங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை, ஆனால் அவர் சட்டென்று எடுத்துவிட்டார். "பிளக் இரும்பு. அது உட்கார்ந்திருக்கிற இடம் அலுமினியம். சூட்டுலயே கிடந்து ரெண்டும் ஒட்டிப்போச்சு. முரட்டுத்தனமா திருகினா உள்ளே இருக்கிற திருகு மரையையும் உரிச்சுக்கிட்டு வந்துடும். அப்புறம் இன்ஜினைப் பிரிக்கணும்."

"வாங்கினதுலேருந்து நீ மாத்தவே இல்லையா?"

"ஊரார் வண்டியைப் பார்க்கவே பொழுது சரியாப் போகுது. உங்க சட்டையில பட்டன் இருக்கா, பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். இரண்டு இல்லை.

துரு இளக்கும் எண்ணெயைச் சொட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். காத்திருப்பது அவருக்குத்தான் கஷ்டமாக இருந்தது. "இப்போ பார்க்கட்டுமா?" என்றார். "வேண்டாம்" என்றாள். சும்மா இருக்க முடியாமல் அவள் பின்னால் போய் நின்று, காலையில் தான் கோணலாகப் பின்னிவிட்ட சடையை அவிழ்த்து மறுபடி பின்னினார்.

"இந்த வண்டிக்குக் காட்டற பொறுமையில பாதியை எனக்குக் காட்டியிருக்கலாம் நீ."

"நீங்க ஒட்டிக்கிட்டா நான் இழுத்ததே இல்லையே" என்றாள். அவருக்குக் காது சிவந்துவிட்டது.

பிறகு அவள் சொன்னபடி இம்மி தளர்த்தினார், திரும்ப இறுக்கினார், மறுபடி தளர்த்தினார். தடித்த துணி ஊசிக்கடியில் நகர்வதை விரல் உணருமே, அதுபோல உள்ளே ஏதோ விட்டுக்கொடுப்பது அவருக்குத் தெரிந்தது. பிளக் வந்துவிட்டது. அவள் எழுந்து வந்து, இடது கையால் டார்ச் அடித்து, குழிக்குள் வெகுநேரம் பார்த்தாள்.

"மரைக்கு ஒண்ணும் ஆகலை" என்றாள். அவர் அப்போதுதான் மூச்சு விட்டார்.

புதுப் பிளக் மறுபடி ஒட்டாமலிருக்க வெள்ளி நிறத்தில் ஒரு பசை. அவர் தாராளமாக அள்ளிப் பூசினார்.

"ரொட்டிக்கா வெண்ணெய் தடவறீங்க? துடைங்க. மேல் மரையில மெல்லிசா இருந்தா போதும், நுனியில படவே கூடாது. பூச்சு போட்டு வர்ற பிளக்கா இருந்தா இதுகூட வேண்டாம். இது வெறும் இரும்பு."

துடைத்துவிட்டுப் பூசி, முதலில் விரலாலேயே திருகி உள்ளே இறக்கினார். பிறகு ஸ்பேனர்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கட்டுமா?"

"போதும். பசை வழுக்கும், கைக்குத் தெரியாமலே அதிகமாயிடும். எப்பவும் வைக்கிறதைவிடக் குறைச்சே வைக்கணும்."

சாவியைத் திருப்பியதும் இருமல் இல்லாமல் இன்ஜின் ஓடியது. அவர் அவளைப் பார்த்தார். அவள் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எவ்வளவு தேய்த்துக் கழுவியும் பசை போகவில்லை. ரயில் நிலையத்தில் மகள் குழந்தையை நீட்டியபோது, அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்னப்பா இது, நெத்தியெல்லாம் வெள்ளி?"

"உங்கப்பா பிளக் மாத்தினார்" என்றாள் அம்மா.

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பாவா?"

"நாலும் அவர்தான். ஒண்ணு ஒட்டிப்போயிருந்தது, அதையும் உடைக்காம எடுத்தார். என் பட்டறையில இருக்கிற பசங்க உடைச்சிருப்பாங்க."

அவரிடம் அவள் இதைச் சொல்லியிருக்கவில்லை. அவர் திரும்பிக்கொண்டு பெட்டிகளை ஏற்றப் போனார்.

வீடு வந்து சேர்ந்தபோது பேத்தி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் சாவிக்குக் கையைக் கொண்டுபோனார்.

"அணைக்காதீங்க" என்று கிசுகிசுத்தாள் மனைவி. "சத்தம் நின்னா முழிச்சுக்குவா."

இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. யாரும் இறங்கவில்லை.