குரல் கொடுத்த மக்காச்சோளம்

விதைத்த பதினாறாம் நாள் காலை, தையற்காரியின் இரண்டு ஏக்கர் மக்காச்சோளமும் வாய்விட்டுக் கூப்பிட ஆரம்பித்தது. "யாராவது வாங்களேன்" என்பதுதான் அதன் சொல். கைவேலையாக இருப்பவர்கள் அடுப்படியிலிருந்து கூப்பிடுவது போல, அவசரமும் தயக்கமும் கலந்த குரல். குருத்துக்குள் படைப்புழு இறங்கியிருந்தது. இலையெல்லாம் சல்லடை, குருத்து நிறைய மரத்தூள் போல எச்சம். முந்தைய இரண்டு பருவமும் புழுவுக்கே போயிற்று; இந்தத் தடவையும் போனால் குத்தகையை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவதாக நிலக்காரர் சொல்லியிருந்தார்.

தங்களைத்தான் கூப்பிடுகிறது என்று நினைத்து முதலில் வந்தவர்கள் சைக்கிள் கடைக்காரரும் ரொட்டி சுடுகிறவரும். வந்தவர்களைச் சும்மா அனுப்ப மனமில்லாமல் தையற்காரி ஆளுக்கொரு சொம்பு மணல் கொடுத்தாள். குருத்துக்கு ஒரு சிட்டிகை போட்டார்கள். மணல் உறுத்தியதில் பாதிப் புழு செத்தது. மீதிப் பாதிக்காகத் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தான், ஊருக்கெல்லாம் மருந்து அடிக்கிற கொழுந்தன்.

"அண்ணி, பயிர் பேசுதுன்னு வெளியில சொல்லிடாதீங்க. எனக்கு எவனும் பொண்ணு குடுக்க மாட்டான்."

"இப்ப மட்டும் வாசல்ல வரிசையா நிக்கிறாங்களாக்கும்!"

அவள் தடுப்பதற்குள் பாசத்தில் நாலு வரிசை அடித்துவிட்டான். அந்த நாலும் ஊமையாயின. பல வருடம் மருந்து தின்று பழகிய புழுக்கள் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி தின்றன.

"போதும் தம்பி. கூப்பிடுறவங்க வாயைக் கட்டிட்டா யாரு வருவா?"

கூப்பிட்டால் வருவதற்கென்றே கடவுள் யாரையாவது படைத்திருப்பார் என்று அவள் நம்பினாள். மூன்றாம் நாள் அவர்கள் வந்தார்கள்: முற்றுப்புள்ளியை விடச் சிறிய குளவிகள், வெந்நீர் ஆவி போல வரப்பைத் தாண்டி. புழுவின் முட்டைகளுக்குள் தங்கள் முட்டையை வைத்தன. நாலே நாளில் அந்த முட்டைகள் கறுத்தன. பின்னாலேயே பொறிவண்டுகளும், வாலில் இடுக்கி வைத்த பூச்சிகளும் வந்து குருத்துகளில் குடியேறி மிச்சப் புழுக்களைத் தின்றன. ஊமை வரிசைகளை மட்டும் எல்லாரும் தாண்டிப் போனார்கள். அங்கே வளரும் புழு அந்துப்பூச்சியாகிக் கிளம்பினால் வயல் முழுக்க மறுபடி முட்டைதான்.

கொழுந்தன் தெளிப்பானைக் கழற்றி வைத்தான். நாலு வரிசைக்கு நடுவே நின்று, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "யாராவது வாங்களேன்" என்றான். முதலில் வெட்கத்தில் குரல் வரவில்லை. பிறகு வந்தது. தொண்டை கட்டும்வரை, வெயில் உச்சிக்கு ஏறி இறங்கும்வரை கூப்பிட்டான். சாயங்காலம் அவன் சட்டைக் கையில் சாம்பல் தூவியது போல ஏதோ படிந்தது. குளவிகள்தான். கொஞ்சம் இளைப்பாறிவிட்டு வேலைக்கு இறங்கின; பின்னாலேயே வண்டுகளும் இடுக்கிப் பூச்சிகளும் வந்தன.

அறுவடையன்று நிலக்காரர் கைக்கு வந்த கதிரையெல்லாம் உரித்துப் பார்த்தார். ஒன்றில்கூடப் பொக்கு இல்லை. தையற்காரி அவர் முன்னால் தலை நிமிர்ந்து நின்றாள். பக்கத்தில் கொழுந்தன் அவளைவிட நிமிர்ந்து நின்றான்.

"இனிமே நிலம் உன்கிட்டயே இருக்கட்டும்மா. ஆனா, மத்தியானம் படுக்க முடியல. கொஞ்சம் மெதுவாக் கூப்பிடச் சொல்லேன்."

"சொல்லிப் பார்க்கிறேங்க."

அடுத்த விதைப்பில் சொல்லியும் பார்த்தாள். பயிர் கேட்கவில்லை. நிலக்காரர் வயலைப் பார்த்த பின்னறையிலிருந்து கட்டிலை முன்னறைக்கு மாற்றிக்கொண்டார்.