இரண்டாவது தாள்

கீரப்பாளையத்து ரைஸ்மில் களத்தில் அவித்த நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள் மங்கலம். நன்னடத்தை அலுவலர் இளமதி அவளைத் தேடி அங்கேயே வந்துவிட்டார். பின்னால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஒரு போலீஸ்காரர்.

"செத்துப்போன கதிர்வேல் சம்சாரம் நீங்கதானம்மா?"

"ஆமா மேடம்."

"பக்கிரியோட அக்கா?"

"அதுவும் நாந்தான்."

பதினைந்து வருஷத்துக்கு முன் பக்கிரி தன் அக்கா புருஷனை மண்வெட்டியால் வெட்டிக் கொன்றான். ஆயுள் தண்டனை. கடலூர் ஜெயிலில் இருக்கிறான். ஒழுங்காக இருக்கும் ஆயுள் கைதிகளை முன்கூட்டியே விடுவதற்கு அரசாங்கம் எடுத்த பட்டியலில் இப்போது அவன் பெயரும் இருந்தது.

இளமதி இரண்டு தாள்களை எடுத்தார். "இது, செத்தவரு குடும்பத்துக்கு ஆட்சேபணை இல்லைன்னு. இது, கைதிய வீட்ல சேத்துக்குறோம்னு. வழக்கமா ரெண்டு வீட்டுக்கு அலைவேன். இங்க ரெண்டும் நீங்கதான்."

கூடையில் நெல் அள்ளிக்கொண்டிருந்த தங்கம்மாள் சிரித்தாள். "ரெண்டு கையெழுத்துக்கு ரெண்டு கூலி கேளுடி!"

மங்கலம் முதல் தாளில் உடனே போட்டாள். தாள் காற்றில் படபடத்தது. இடது கையால் அழுத்த முடியவில்லை. முழங்கை நீளாது.

"கை என்னாச்சும்மா?"

"கெணத்தடியில வழுக்கி வுழுந்துட்டேன் மேடம். பழசு."

கதிர்வேல் உலக்கையால் அடித்து உடைத்த கை அது. அன்றைக்குத்தான் பக்கிரி மண்வெட்டியை எடுத்தான். ஆனால் கோர்ட்டில், "எங்கூட்டுக்காரரு என்ன ஒரு நாளும் அடிச்சதில்ல" என்று சாட்சி சொன்னாள் மங்கலம். அடிச்சான்னு சொன்னா நீயும் சேந்து கொன்னன்னு உள்ள தள்ளுவாங்க, நாலு வயசுப் புள்ளைக்கு அப்புறம் யாரு என்று கதிர்வேலின் அண்ணன் ராஜமாணிக்கம் பயமுறுத்தி வைத்திருந்தார். கூண்டில் நின்ற பக்கிரி அவளைப் பார்த்தான். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் பிள்ளை வெண்மதி சிதம்பரத்தில் நர்சிங் படிக்கிறாள். ஹாஸ்டல் பெட்டியில் அப்பா போட்டோ வைத்திருக்கிறாள். நேற்று போனில் கத்தினாள். "எங்கப்பாவக் கொன்னவன் நம்ம வூட்ல ஒக்காந்து சோறு திம்பானா? அவன் வந்தா நான் வரமாட்டேம்மா. யாரு வேணும்னு நீயே பாத்துக்க."

உங்கப்பன் என்னை அடிச்சான்டி என்று சொல்ல மங்கலம் வாயைத் திறந்தாள். போட்டோ நினைவுக்கு வந்தது. போனை வைத்துவிட்டாள்.

"பக்கிரிக்கு வேற யாரும் இருக்காங்களா?" என்று இளமதி கேட்டார்.

"இல்ல மேடம்."

"சேத்துக்க ஆளில்லன்னா ஃபைல் நகராதும்மா. விடறதும் விடாததும் கவர்மெண்டு இஷ்டம். ஆனா நான் எழுதுறத வெச்சுத்தான் அவுங்க பாப்பாங்க."

தங்கம்மாளுக்குச் சிரிப்புப் போய்விட்டது. "போடுடி. கூடப் பொறந்தவன்தான?"

மங்கலம் இரண்டாவது தாளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எங்கூட்டுக்கு வேணாம் மேடம்."

"அப்ப எங்க போவாரு?"

அவள் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். நெல்லுக்குள் காலை வைத்துத் துழாவ ஆரம்பித்தாள். பாதம் பொரிந்தது.

சனிக்கிழமை கடலூருக்குப் பஸ் ஏறினாள். கேப்பர் மலையில் இறங்கி, ஜெயில் வாசலில் அவனைப் பார்க்க மனுப் போட்டு, இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பக்கிரி வந்து போனை எடுத்தான். தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது.

"அந்தம்மா வந்தாங்களாக்கா? கையெழுத்துப் போட்டியா?"

"போட்டேன்."

"போடுவன்னு தெரியும். இங்க ஒருத்தனும் நம்பல. ஒங்கக்கா புருஷன வெட்டிட்டு, அவகிட்டயே கையெழுத்தாடான்னு கிண்டல் பண்றானுவ." சிரித்தான். "நீ வாங்கியாந்த போர்வைய எங்கூட உள்ள இருக்குற சார்லசுக்குக் குடுத்துட்டேன். பாவம், அவன வந்து பாக்க மனுப் போடக்கூட ஆளில்ல."

"அதுக்குள்ள ஏண்டா குடுத்த?"

"இன்னும் எத்தினி நாளைக்கிக்கா? பாப்பா எப்பிடி இருக்கா? என்ன அடையாளம் தெரியுமா அவளுக்கு?"

நேரமாச்சு என்று வார்டர் கையைக் காட்டினார். மங்கலம் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"திருப்பி வாங்கிக்கடா பக்கிரி."

"எதக்கா?"

"போர்வைய."

அவன் சிரிப்பு நின்றது. கோர்ட்டில் பார்த்த மாதிரியே அவளைப் பார்த்தான். போனைக் கொக்கியில் மாட்டிவிட்டு, வார்டருக்கு முன்னால் நடந்தான்.